மலை மேல் ஒரு வாள் பள்ளி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "2010 பேட்ச் சிவில்லேர்ந்து நீ பேசணும். தலைப்பு உன் இஷ்டம்" என்றார். நான் தலைப்பைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "சீனக் கதையில வர்ற வாள் சண்டைப் பள்ளியா? அதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார். "பேசி முடிச்சதும் நீங்களே சொல்லுங்க சார்" என்றேன். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் கவலை தெரிகிறது.

சீனச் சண்டை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷாவோலின். 2011-ல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு காஞ்சிபுரத்துக்காரர்தான் அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார் என்று நாம் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருமைப்பட்டு முடித்துவிட்டோம். ஷாவோலின் பௌத்த மடம். நான் சொல்லப்போவது வேறு வீடு. தாவோ வழி. மூச்சு, அமைதி, மலை, தனிமை என்று போகும் வழி. சீனத்து வாள் கதைகளில் பௌத்தர்களுக்கு ஒரு ஷாவோலின் என்றால், தாவோ மலைகளுக்குக் கணக்கே இல்லை. வூதாங், ஷோங்நான், ஹுவா என்று மலைக்கு ஒரு வாள் பள்ளி. யாரும் எளிதில் ஏற முடியாத உச்சியில் ஒரு குரு, பத்திருபது சீடர்கள், கோழி கூவுமுன் பயிற்சி. ஆளுக்கொரு ரகசிய ஓலை வேறு.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு சிங்கப்பூர்க்காரர். 2014-ல் நான் அங்கே வேலைக்குப் போனபோது எங்கள் சைட்டில் ஃபோர்மன். எல்லோரும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிறுவனாக இருந்தபோது, 1967-ல், சிங்கப்பூரில் ஒரு சீன நாளிதழ் தொடங்கினார்கள். பெயர் ஷின் மின். தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோடாலித் தைலம் கம்பெனியின் முதலாளி. (ஆமாம், அதே தைலம்தான். நம்ம வீட்டுப் பாட்டிகள் எல்லோருடைய நெற்றியிலும் இருந்த தைலம்.) இன்னொருவர் ஹாங்காங் பத்திரிகைக்காரர் ஜின் யோங். அந்தப் பத்திரிகையில் ஜின் யோங்கின் வாள் கதைகள் தொடராக வந்தன. அங்கிளின் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் சாயங்காலம் காபிக் கடையில் இவர் உரக்கப் படிக்க, அப்பாவும் அவர் கூட்டாளிகளும் கேட்பார்களாம். "ஒருநாள் பத்திரிகை தீர்ந்துபோச்சு. நானே ஒரு சண்டையை இட்டுக்கட்டிப் படிச்சேன். மறுநாள் மாட்டிக்கிட்டேன்" என்பார்.

ஜின் யோங்கைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறந்தது 1924-ல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில். ஹாங்காங்கில் 1959-ல் 'மிங் பாவ்' என்ற நாளிதழைத் தொடங்கினார். ஒரு பக்கம் அரசியல் தலையங்கம் எழுதுவார், இன்னொரு பக்கம் வாள் தொடர் எழுதுவார், இரண்டும் ஒரே மேஜையில். 2018 அக்டோபர் 30-ஆம் தேதி காலமானார். அவருடைய 'சியாவ் ஆவ் ஜியாங்ஹு' என்ற நாவல் 1967 முதல் 1969 வரை மிங் பாவில் தொடராக வந்தது. சீனாவில் கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம். 'ஜியாங்ஹு' என்றால் நேர்ப்பொருள் ஆறும் ஏரியும். அரசாங்கச் சட்டம் எட்டாத வீரர்களின் உலகத்துக்கு அதுதான் பெயர். அதில் சிரித்துக்கொண்டே தலை நிமிர்ந்து திரிவது என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம்.

கதையின் நடுவில் நிற்பது ஹுவா மலை வாள் பள்ளி.

முதலில் மலை. அது உண்மை. ஷியான் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர். முழுக்கக் கருங்கல். ஐந்து சிகரங்கள், உயரமான தென்சிகரம் 2,154 மீட்டர். சீனர்கள் ஐந்து திசைக்கு ஐந்து புனித மலை வைத்திருக்கிறார்கள், அதில் மேற்கு மலை இது. சென் துவான் என்ற தாவோ துறவி சோங் வம்சத்தை நிறுவிய அரசனோடு சதுரங்கம் ஆடி இந்த மலையையே ஜெயித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. தாவோ மதத்தில் சுவான்ஷென் என்று ஒரு துறவி மரபு. அதை நிறுவிய வாங் சோங்யாங் (1113–1170) ஷோங்நான் மலைப் பக்கம் தனக்குத்தானே ஒரு சமாதி தோண்டி, உயிரோடு அதற்குள் உட்கார்ந்து தவம் செய்தவர். ஜின் யோங் தன் வேறொரு நாவலில் இந்தத் துறவியை அப்படியே தூக்கி, ஹுவா உச்சியில் நடந்த வாள் போட்டியில் உலகத்திலேயே முதல் வீரன் ஆக்கிவிட்டார். நிஜத்தில் அவருடைய சீடர் ஹாவ் தாதோங்கின் வழியில்தான் சுவான்ஷென் மரபின் ஹுவா மலைக் கிளை வருகிறது. அவர்கள் வாளால் பேர் வாங்கியவர்கள் அல்ல. தியானம் செய்தார்கள், பாறையில் குகை வெட்டினார்கள்.

சிவில்காரர்களுக்கு ஒரு செய்தி. தென்சிகரத்தின் செங்குத்தான பாறைச் சுவரில், இரும்புக் கம்பிகளைத் துளையில் இறக்கி, மேலே பலகை போட்டு ஒரு நடைபாதை இருக்கிறது. முழுக்க கான்டிலீவர். கீழே காற்று மட்டும்தான். யுவான் வம்சக் காலத்தில் ஹே ஜிஜென் என்ற தாவோ துறவி தொடங்கியது என்பது மரபு. யார் டிசைன் செக் பண்ணினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நிற்கிறது.

இனி நாவலின் பள்ளி. இது கற்பனை. இவர்கள் துறவிகள் இல்லை, குடும்பம் குட்டியோடு வாழ்கிறார்கள். பயிற்சி மட்டும் தாவோ வழி மூச்சும் வாளும். குரு யுவே புச்சுன். பட்டப் பெயர் 'சான்றோன் வாள்'. குரல் உயர்த்த மாட்டார், தவறான வார்த்தை வராது. மனைவி நிங் ஷோங்ஸே, அவரே ஒரு வாள்வீராங்கனை. ஒரே மகள் லிங்ஷான். மூத்த சீடன் லிங்ஹு சோங், தாய் தகப்பன் இல்லாதவன். இந்தத் தம்பதிகள்தான் எடுத்து வளர்த்தார்கள். குருவைச் சீனத்தில் 'ஷிஃபு' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே அப்பா இருக்கிறார். மூத்த சீடனைத் தம்பிமார்கள் எல்லோரும் 'பெரியண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் ஹாஸ்டலுக்கு வந்த அன்றைக்கே, முன்பின் தெரியாத ஒருத்தரை 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்தோமே, அது மாதிரி.

இந்தப் பள்ளி இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டாக உடைந்த பள்ளி. மூச்சுக் கட்சி, வாள் கட்சி. உள்மூச்சை வளர்த்தால் வாள் தானே வரும் என்பது ஒன்று. வாள் நுட்பம்தான் முதல், மூச்சு துணை என்பது இன்னொன்று. யுவே புச்சுன் சீடர்களுக்குச் சொல்வார்: முதல் பத்து வருஷம் வாள்காரன் முந்துவான், இருபதில் சமம், அதற்கப்புறம் மூச்சுக்காரனை அவன் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கேட்கும்போது எனக்கு நம்ம தியரி வாத்தியாரும் வொர்க்‌ஷாப் வாத்தியாரும் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டதுதான் ஞாபகம் வந்தது. (சார், மன்னிக்கணும். இரண்டு பேருமே இங்கே இருக்கிறீர்கள்.)

சண்டை எதனால் வந்தது தெரியுமா? பழைய தலைமுறையில் இந்தப் பள்ளியின் இரண்டு பேர் வேறொரு மடத்துக்கு விருந்தாளியாகப் போய், அங்கே இருந்த ஒரு ரகசியச் சுவடியைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள். நேரம் இல்லை. ஆளுக்குப் பாதி. மலைக்குத் திரும்பி வந்து இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. நீ தப்பாகப் படித்தாய், இல்லை நீதான். அவ்வளவுதான். அதிலிருந்து இரண்டு கட்சி, தலைமுறை தாண்டிய பகை, ஒரே பள்ளிக்காரர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்த ஒரு நாள். மூச்சுக் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவர்கள் சீடர்களுக்குச் சொன்ன வரலாறு: எங்கள் வழி சரி, அதனால் ஜெயித்தோம்.

இப்போது நான் கொஞ்சம் நிறுத்தி, என் கதைக்கு வர வேண்டும். மேடையில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

2010-ல் முடித்ததும் ஒரு பாலம் கட்டும் வேலையில் சேர்ந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே எனக்கு மேலே இருந்தவர் நம் கல்லூரிக்காரர். பல வருஷம் சீனியர். அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் கைதட்டுவீர்கள், அவ்வளவு பேருக்கு வேலை வாங்கிக்கொடுத்தவர். எனக்கு லெவல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நாலு வருஷம் இங்கே படித்ததைவிட (முதல்வர் மன்னிக்கணும்) நாலு மாதம் அவர் பின்னால் நடந்து கற்றது அதிகம். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே பணம் கொடுத்தார்.

2012-ல் ஒரு ராத்திரி பைல் கான்கிரீட். 1.2 மீட்டர் விட்டம், 32 மீட்டர் ஆழம். துளை முழுக்க பென்டோனைட் சேறு. நடுவில் ட்ரெமி குழாயை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் ஒன்றரை, இரண்டு மீட்டராவது புதைந்திருக்கணும். வெளியே வந்துவிட்டால் சேறு உள்ளே கலந்துவிடும், பைல் அந்த இடத்தில் பைல் இல்லை. அன்றைக்கு மிக்ஸர் லாரி தாமதம். குழாய் இறுகிவிட்டது. கிரேன்காரர் அதை விடுவிக்கத் தூக்கினார், கொஞ்சம் அதிகமாகவே. நான் கயிறு விட்டு ஆழம் பார்த்தேன். நுனி வெளியே வந்திருந்தது. அண்ணாவுக்குப் போன் பண்ணினேன், வந்தார். பார்த்தார். குழாயைத் திரும்ப உள்ளே குத்தி இறக்கி மேலே ஊற்றச் சொன்னார். ரிஜிஸ்டரில் என்ன எழுதணும் என்று கேட்டேன். "தம்பி, ரெண்டு மீட்டர் உள்ள இருந்துச்சுன்னு போடு. காலைல பாத்துக்கலாம்" என்றார்.

போட்டேன். 2.1 என்று போட்டேன். தசமப் புள்ளி அவர் சொன்னதில்லை. அது நானாகச் சேர்த்தது, நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று. கீழே என் கையெழுத்து.

சில வாரம் கழித்து வெளியாள் வந்து ஒவ்வொரு பைலையும் தட்டிச் சோதித்தார்கள். 14 மீட்டர் ஆழத்தில் கோளாறு. அந்தப் பைலைக் கைவிட்டுப் பக்கத்தில் இரண்டு புதுப் பைல் போட்டு, மேலே தொப்பியைப் பெரிதாக்கினார்கள். பாலம் நன்றாக இருக்கிறது, நீங்கள் யாரும் பயப்பட வேண்டாம். விசாரணை நடந்தது. அண்ணா சொன்னது ஒரே வரி: "சைட் இன்ஜினியர் எழுதினதை நம்பினேன்."

பொய் இல்லை பாருங்கள். எழுதியவன் நான்தான்.

என்னை ஊருக்கு வெளியே இருந்த சாமான் யார்டுக்கு மாற்றினார்கள். கம்பி எண்ணுகிற வேலை. ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். அப்புறம் சிங்கப்பூர். அங்கே ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அங்கிளிடம் இதைச் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்து, டப்பாவை மூடி, "உன்னை மலை உச்சிக்கு அனுப்பிட்டாங்க" என்றார். அப்படித்தான் எனக்கு இந்தக் கதை வந்து சேர்ந்தது. பிறகு ஆர்வமுள்ள வாசகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்ததை முழுக்கப் படித்தேன். சண்டைப் பகுதிகள் சில இடத்தில் நீளம்தான், தாண்டினேன்.

நாவலில் லிங்ஹு சோங்கும் தண்டனை வாங்குகிறான். குடி, வாய்த்துடுக்கு, தகாத சகவாசம். ஹுவா உச்சியில் ஒரு பாறை, பெயர் 'தவறை நினைக்கும் பாறை'. ஒரு வருஷம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கீழிருந்து சாப்பாடு வரும். அங்கே தற்செயலாகப் பாறைச் சுவர் உடைந்து உள்ளே ஒரு குகை. குகைக்குள் எலும்புக்கூடுகள், ஆயுதங்கள். சுவர் முழுக்கச் செதுக்கிய சித்திரங்கள். ஐந்து மலைப் பள்ளிகளும் கூட்டணி. அவற்றின் மிகச் சிறந்த வாள் வீச்சுகள் ஒவ்வொன்றும் சுவரில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதை எப்படி முறியடிப்பது என்றும் இருக்கிறது. செதுக்கியவர்கள் எதிரிக் கூட்டத்துப் பெரியவர்கள். ஐந்து பள்ளிகளும் அவர்களை நேருக்கு நேர் வீரமாக ஜெயித்ததாகத்தான் எல்லோருக்கும் பாடம். உண்மையில் குகைக்குள் வரவைத்து அடைத்துச் சாகவிட்டிருக்கிறார்கள். சாகும்வரை அவர்கள் செதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

தம்பிகளே, இதைக் கேட்டதும் எனக்கு அந்த ரிஜிஸ்டர்தான் கண் முன்னால் வந்தது. கீழே பயிற்சிக்கூடத்தில் ஒரு பதிவு. மேலே, தண்டனைக்கு அனுப்பும் இடத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத சுவரில் இன்னொரு பதிவு.

அந்தப் பாறையில்தான் ஃபெங் சிங்யாங் வருகிறார். வாள் கட்சியில் மிச்சமிருந்த கிழவர். அவரைப் பற்றிப் பின்னால் இன்னொன்றும் வெளியாகிறது. கட்சிச் சண்டை நடந்த அன்று வாள் கட்சியின் சிறந்த வீரரான அவரை, கல்யாணம் என்று பொய் சொல்லித் தெற்கே வரவழைத்துவிட்டார்கள். மணப்பெண்ணே ஏற்பாடு. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. 'எங்கள் வழி சரி, அதனால் ஜெயித்தோம்' என்பதற்கு அடியில் இருந்தது இதுதான்.

கிழவர் இவனுக்கு 'தூகூ ஒன்பது வாள்' கற்றுக்கொடுக்கிறார். முதல் பகுதி பொதுச் சூத்திரம். மற்ற எட்டும் எட்டு விதத் தாக்குதலை உடைப்பதற்கு. நேர்வாள், வளைவாள், ஈட்டி, குறுந்தடி, சங்கிலி, வெறுங்கை, அம்பு, கடைசியில் மூச்சு சக்தி. தற்காப்பு என்று ஒன்றுகூட இல்லை. எதிராளியின் வீச்சு எதுவானாலும் அதில் ஓட்டை ஒன்று இருக்கும், அது திறக்கும் நேரத்தைப் பார், அங்கே போ. நம்ம மொழியில் சொன்னால் முழுக்க முழுக்க ஃபெயிலியர் அனாலிசிஸ். மனப்பாடம் செய்த வரிசைக்கு மதிப்பே இல்லை. அவன் நல்ல சீடனாக இருந்திருந்தால் இது ஏறியிருக்காது. எல்லாவற்றையும் அரைகுறையாகப் படித்தவன், அதனால் ஏறியது. (அரியர் வைத்திருப்பவர்கள் இதை ஆதாரமாகக் காட்டி வீட்டில் பேச வேண்டாம்.)

அடுத்துதான் சிக்கல். தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லக்கூடாது என்று கிழவர் வாக்கு வாங்கிவிட்டார். கீழே இறங்கியவன் திடீரென்று அபாரமாகச் சண்டை போடுகிறான். எங்கே கற்றாய் என்று குரு கேட்கிறார். வாயைத் திறக்க முடியாது. அதே சமயம் எல்லோரும் தேடும் வேறொரு வாள் சுவடி காணாமல் போகிறது. இவன்தான் திருடியிருப்பான் என்று பேச்சு. குரு மறுக்கவில்லை. பின்னால், இவன் எதிரிக் கூட்டத்து ஆட்களோடு பழகுகிறான் என்று பள்ளியிலிருந்து நீக்கி எல்லாப் பள்ளிகளுக்கும் கடிதமும் போடுகிறார். சுவடி யாரிடம் இருந்தது? குருவிடம். சான்றோன் வாளிடம்.

வியட்நாம் போர்க் காலத்தில் சைகோனில் இருபத்தொரு பத்திரிகைகள் இந்தக் கதையைத் தொடராக வெளியிட்டனவாம். பாராளுமன்றத்தில் ஒருவரை ஒருவர் "நீ யுவே புச்சுன்" என்று திட்டிக்கொண்டார்கள் என்று ஜின் யோங்கே நாவலின் பின்னுரையில் எழுதியிருக்கிறார். போலி என்பதற்கு அதுவே பெயராகிவிட்டது.

அங்கிள் இதைச் சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். என் ஆளுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டதே! "அப்புறம் இவன் குருவை எப்போ வெட்டுறான்?" என்று அவசரப்பட்டேன். "நீ சாப்பிடு" என்றார்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொரு சண்டை. ஷாவோலின் மடத்தில், எல்லோர் முன்னாலும், குருவும் நீக்கப்பட்ட சீடனும் நேருக்கு நேர் நிற்க வேண்டி வருகிறது. குரு வாளை எடுக்கிறார். ஆனால் கொல்கிற வீச்சு வரவில்லை. 'விருந்தினரை வரவேற்கும் பைன் மரம்' என்று ஹுவா பள்ளியில் ஒரு வீச்சு, அது வருகிறது. கெட்டலைந்த பிள்ளை வீடு திரும்புவதைச் சொல்லும் வீச்சு ஒன்று வருகிறது. பிறகு ஒரு காதல் ஜோடியின் பழங்கதையைப் பெயராகக் கொண்ட வீச்சுகள். பார்க்கிறவர்களுக்கு அது சண்டை. சீடனுக்கு மட்டும் புரிகிறது, இது அழைப்பு: தோற்றுப்போ, பள்ளிக்குத் திரும்பி வா, மகளையும் தருகிறேன். சின்ன வயதிலிருந்து அவன் கேட்டதெல்லாம் அதுதான். அவன் கை நடுங்குகிறது. தோற்றுப்போய்விடலாம் என்ற இடம்வரை போகிறான். குரு கெட்டவர் என்று தெரியாமல் இல்லை. அந்த மலையில் அவன் வளர்ந்தான், அவ்வளவுதான். கடைசி நேரத்தில் கையறியாமல் ஒரு வீச்சு போய்க் குருவின் மணிக்கட்டில் படுகிறது. ஜெயித்தவன் மண்டியிடுகிறான்.

2014-ல், நான் சிங்கப்பூர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால், அண்ணாவிடமிருந்து போன் வந்தது. "என்னடா யார்டுல உட்காந்திருக்க? புது ப்ராஜெக்ட் வருது. வந்துடு. பழசெல்லாம் நான் பாத்துக்கறேன்." குரலில் பழைய அன்பு அப்படியே. பொய்யான அன்பு என்று சொல்ல மாட்டேன். வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "ரிஜிஸ்டர்ல என்ன நடந்துச்சுன்னு ஒருதடவை சொல்லிடுங்கண்ணா" என்று கேட்டேன். லைன் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. "சரிடா, பாத்துக்க" என்று வைத்துவிட்டார். ஐந்து வருஷம் பேச்சில்லை.

நாவலில் அந்தப் பள்ளி என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் மிஞ்சவில்லை. ஐந்து பள்ளிக்காரர்களையும் அதே குகைக்குள் சித்திரம் பார்க்க வரவைத்து, வாயை அடைத்துவிடுகிறார் குரு. இருட்டில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். முதல் தடவை எதிரிகளுக்குச் செய்தது, இந்தத் தடவை சொந்தக்காரர்களுக்கு. குருவின் மனைவி தன் உயிரைத் தானே போக்கிக்கொள்கிறாள். மகள் தன் கணவன் கையாலேயே சாகிறாள். குருவும் சாகிறார், சீடன் கையால் அல்ல. லிங்ஹு சோங்கைப் பெரிய பதவிகள் தேடி வருகின்றன, வேண்டாம் என்கிறான். 'சியாவ் ஆவ் ஜியாங்ஹு' என்பது உண்மையில் கதைக்குள் வரும் ஓர் இசைச் சுவடியின் பெயர். எதிரெதிர் கட்சியில் இருந்த இரண்டு நண்பர்கள் சேர்ந்து அமைத்தது. சேர்ந்ததற்காகவே இருவரும் செத்தார்கள். கடைசியில் இவனும் எதிரிக் கூட்டத்துத் தலைவர் மகளும் கல்யாணம் செய்துகொண்டு அந்த இசையை வாசிக்கிறார்கள். குருவைப் பற்றி அவன் ஒரு வசவு வார்த்தை பேசவில்லையா என்று அங்கிளிடம் கேட்டேன். "ஷிஃபுவை வேற எப்படிக் கூப்பிடறது?" என்றார்.

ஜின் யோங் காலமான அன்று, ரிடையர் ஆகியிருந்த அங்கிள் போன் பண்ணினார். "நீ இளையவன், நீயாவது அந்த மலைக்குப் போய்ட்டு வா" என்றார். அதனால் 2019 செப்டம்பரில் ஷியான் பக்கம் ஒரு வேலை வந்தபோது ஒரு நாள் லீவு போட்டேன். அதிவேக ரயிலில் அரை மணிக்குச் சற்று மேல். வடசிகரத்துக்கு 1996-லேயே கேபிள் கார் வந்துவிட்டது, மேற்குச் சிகரத்துக்கு 2013-ல். 'ஹுவா மலைக்குப் பாதை ஒன்றே' என்பது பழைய பேச்சு, இப்போது டிக்கெட் இரண்டு. நான் கேபிள் காரில்தான் போனேன். கௌரவம் குறைவுதான், முட்டி தாங்காது. வடசிகரத்தில் ஒரு கல், 'ஹுவா மலை வாள் விவாதம்' என்று ஜின் யோங் கையெழுத்தில் செதுக்கியது. அவரே 2003-ல் அங்கே வந்திருக்கிறார். போட்டோ எடுக்க நீண்ட வரிசை. பிளாஸ்டிக் வாளோடு ஒரு பையன், அவனை அதட்டும் அம்மா. சங்கிலிகளில் ஆயிரக்கணக்கில் பூட்டுகளும் சிவப்புத் துணிகளும். தாவோ கோயில் ஒன்றில் ஊதுவத்திப் புகை. வாள் பள்ளி எதுவும் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை.

பலகைப் பாதைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கொக்கி மாட்டி விடுகிறார்கள். ஏறவில்லை. கம்பி பாறைக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று யாரைக் கேட்டாலும் சிரித்தார்கள்.

திரும்பி வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. என்ன தோன்றியதோ, அண்ணா நம்பரைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"எங்கடா இருக்க?"

"சீனாவுல, அண்ணா. ஒரு மலை மேல."

"ஏறணுமா, இறங்கணுமா?"

"இறங்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் கலவை மெஷின் சத்தம் கேட்டது. சைட்டில்தான் இருந்தார்.

"பாத்து இறங்கு" என்றார்.

இந்த விழா அழைப்பிதழை அவருக்கும் அனுப்பினேன். வரவில்லை. வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவும் பேசியிருப்பேனா என்று நேற்று ராத்திரி என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. உரை மலரில் அச்சாகும் என்கிறார்கள், ஒரு பிரதி அவருக்கும் போகும்.

மணி அடித்துவிட்டார்கள்.